ஆட்டெலும்பா, ஆளெலும்பா?

வாசகர் கேள்வி பதில்: தடயவியல் பகுதி

சென்ற இதழில், கட்டுமானக் குழியில் கிடைக்கும் எலும்புகள் மனிதருடையவையா என்று மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறை ஆராய்ந்து அறிக்கை அளிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் எட்டுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது ஒரு முழ நீளத்தில் எலும்பு ஒன்று கிடைத்தது. மேஸ்திரி மாட்டெலும்பு என்றார். என் மாமியாரோ மனித எலும்பாகத்தான் இருக்கும் என்று அஞ்சி இரவெல்லாம் உறங்கவில்லை. ஒரே ஓர் எலும்பைப் பார்த்து வல்லுநரால் உறுதியாகச் சொல்ல முடியுமா ஐயா? அவர் எதைப் பார்ப்பார்? (வாசகி, பொள்ளாச்சி)

எலும்பு முழுமையாகவும் அதன் இரு முனைகளும் சிதையாமலும் இருந்தால், பழகிய கண்ணுக்குச் சில நிமிடங்களே போதும். அவர் முதலில் பார்ப்பது நீளத்தையோ பருமனையோ அன்று. மூட்டாக அமையும் முனைகளைத்தான். எலும்பின் நடுத்தண்டு பல விலங்குகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான உருளையாகவே தோன்றும். முனைகளோ, அந்த உயிர் எப்படி நின்றது, எப்படி நடந்தது, முன்னங்காலை எதற்குப் பயன்படுத்தியது என்பதைக் காட்டிவிடும்.

மனிதத் தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலை ஒரு நீண்ட கழுத்தின்மேல் அமர்ந்திருக்கும். தண்டு இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி உட்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். இரண்டு காலால் நடக்கும் நமக்கு ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழுவதும் ஒற்றைக் காலின்மேல் விழுவதால், முழங்கால்கள் உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் வரவேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வு அதற்காக அமைந்தது. தண்டின் பின்புறத்தில் தசைகள் பற்றிக்கொள்ளும் வரம்பு ஒன்று நீளவாக்கில் ஓடும். மாட்டின் தொடை எலும்பில் கழுத்து குட்டை. தலைக்குப் பக்கத்தில் உள்ள புடைப்பு தலையையும் தாண்டி உயர்ந்து நிற்கும். மேற்கை எலும்பிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். நம் தோள்மூட்டு எல்லாத் திசைகளிலும் சுழல வேண்டியிருப்பதால் உருண்டையான தலையே உச்சியில் இருக்கும். ஆடு மாடுகளில் அதன் அருகிலுள்ள புடைப்பு தலைக்கு மேலே எழும்பியிருக்கும்.

முன்கையைப் பாருங்கள். நம் உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்ப முடிவது, அங்கே இரண்டு எலும்புகள் தனித்தனியாக இருந்து ஒன்றன்மேல் ஒன்று புரள்வதால்தான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் அந்த இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். அதற்கும் கீழே, ஆட்டுக்கால் சூப் வைக்கிறவர்கள் எல்லோரும் அறிந்த அந்த நீண்ட ஒற்றை எலும்பு, உண்மையில் நம் உள்ளங்கையிலும் பாதத்திலும் உள்ள எலும்புகளில் இரண்டு இணைந்து உருவானது. நடுவில் ஓடும் பள்ளமும், கீழ்முனையில் அருகருகே இருக்கும் இரண்டு கப்பி போன்ற உருளைகளும் அந்த இணைப்பின் அடையாளம். மனித உடலில் இதற்கு ஒப்பான எலும்பே இல்லை. ஆகவே இதைக் கண்டால் விலங்கு என்று தயங்காமல் சொல்லலாம். மறுபுறம், கழுத்தடியில் மெல்ல வளைந்து செல்லும் காறை எலும்பு ஆடு, மாடு, பன்றி, குதிரை எதற்கும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் பெயரளவில் ஒரு துணுக்குதான் உண்டு. முழு வளர்ச்சி பெற்ற காறை எலும்பு மண்ணிலிருந்து வந்தால் நான் உடனே எச்சரிக்கையாகிவிடுவேன்.

மண்டையோடு கிடைத்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. தண்டுவடம் நுழையும் பெருந்துளை மனிதரில் மண்டையின் அடியில் இருக்கும், நாலுகால் விலங்குகளில் பின்புறத்தில் இருக்கும். கீழ்த்தாடையில் முன்னோக்கிப் புடைத்த முகவாய் மனிதருக்கு மட்டுமே உண்டு. இடுப்பெலும்பு நமக்குக் குடலைத் தாங்கும் அகன்ற கிண்ணம். விலங்குகளுக்கு நீண்டு ஒடுங்கிய தகடு.

எலும்பு குறுக்கே உடைந்திருந்தால் அதன் சுவரின் பருமனையும் பார்ப்பதுண்டு. மனிதரின் நீண்ட எலும்புகளில் சுவர் மொத்த விட்டத்தில் கால் பங்கு, கால்நடைகளில் மூன்றில் ஒரு பங்கு என்று பாடநூல்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்கின்றன. கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கியவர்களுக்கு அந்தக் கெட்டியான சுவரும் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழியும் கண்ணில் நிற்கும். ஆனால் வயது, நோய், ஊட்டக் குறைவு எல்லாம் இந்த அளவை மாற்றிவிடும் என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டுமே நான் வைத்துக்கொள்வேன்.

உங்கள் மேஸ்திரி சொன்னது சரியாக இருக்கலாம். இருந்தாலும் முனைகளைப் பார்க்காமல் நீளத்தை வைத்து மட்டும் அவர் சொல்லியிருந்தால், அது வெறும் ஊகம்தான். மாமியாரின் அச்சத்தையும் நான் குறைவாக மதிக்கமாட்டேன். எலும்பை எடுத்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: சிறிய எலும்பாக இருந்தால் கோழி, ஆடு என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா? பெரிய எலும்புக்குத்தானே இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டும்? (செவிலியர், திருவாரூர்)

இந்தத் துறையில் மிகக் கொடிய பிழை இந்த எண்ணத்தில்தான் பிறக்கிறது, அம்மா. ஆட்டெலும்பை மனித எலும்பு என்று கருதினால் காவல்துறைக்குச் சில நாள் உழைப்பு வீணாகும். அடுத்த சோதனையில் தவறு தெரிந்துவிடும். ஒரு குழந்தையின் எலும்பைக் கோழியெலும்பு என்று குப்பையில் போட்டால் அடுத்த சோதனையே நடக்காது. அந்தக் குழந்தை இருந்ததற்கான ஒரே சாட்சியும் அங்கேயே முடிந்துபோகும்.

பிறந்த குழந்தையின் தொடை எலும்பு ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். கோழியின் தொடை எலும்பும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீளம் நமக்கு எதையும் சொல்லாது, முதிர்ச்சி சொல்லும். குழந்தையின் நீண்ட எலும்புகளில் நடுத்தண்டு மட்டுமே எலும்பாகியிருக்கும். மூட்டாக அமைய வேண்டிய முனைகள் அப்போது குருத்தெலும்பாகவே இருப்பதால் மண்ணில் அழிந்துவிடும். எஞ்சுகிற தண்டின் இரு கோடியும் சொரசொரப்பாகவும் தட்டையாகவும், எதையோ கழற்றி எடுத்தது போலவும் இருக்கும். வளர்ந்த கோழியின் எலும்பிலோ மூட்டு முனைகள் வழவழப்பாக, மடிப்புகளும் உருளைகளுமாக முழுமை பெற்றிருக்கும். சுவர் மெல்லியதாகவும் உட்குழி அகன்றும் இருக்கும். சிறிய எலும்பு ஒன்று முதிர்ந்த முனைகளோடு கிடைத்தால் அது சிறிய உடல் கொண்ட வளர்ந்த விலங்கு. முனையில்லாமல் கிடைத்தால், அது ஏதோ ஓர் இளம் உயிர். எந்த இனத்தின் இளம் உயிர் என்பதை இனிமேல்தான் கண்டறிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கறிக்காக அறுக்கப்படும் ஆடுகளில் பெரும்பாலானவை இளங்குட்டிகள். அவற்றின் எலும்பு முனைகளும் இன்னும் ஒட்டாமலே இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் தொடை எலும்புக்கும் ஆட்டின் தொடை எலும்புக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு இராது. அப்போது முதிர்ச்சியை விட்டுவிட்டுத் தண்டின் வடிவம், தசைப் பிடிப்பின் தடங்கள், எலும்புக்குள் இரத்தக் குழாய் நுழையும் துளையின் இடம் என்று ஒவ்வொன்றாக, அருங்காட்சியகத்தில் உள்ள ஒப்பீட்டு எலும்புகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டுக்காயத்தைக் கண்டவுடன் கறிக்கடைக் கத்தி என்று முடிவு கட்டுவதும் தவறு. உடலைத் துண்டாடி மறைக்க முயன்ற குற்றங்களும் உண்டு.

பயிற்சிக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாக்கில் வந்த எலும்புகளை மேசையில் பரப்பி நான் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கால் எலும்புகள், விலாக்கள், கோழியின் இறக்கை எலும்புகள் என்று வரிசைப்படுத்தி, மிச்சமிருந்த தூசியையும் சில்லுகளையும் ஓரத்தில் ஒதுக்கினேன். என் பேராசிரியை அந்தத் தூசியை ஒரு சல்லடையில் இட்டு மெல்ல அலசினார். கடுகைவிடச் சற்றே பெரிய, வெண்மையான, உள்ளே குழிவான இரண்டு ஓடுகள் சல்லடையில் தங்கின. ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த பால் பற்களின் தலைப்பகுதிகள் அவை. பின்னர் காதுப்பகுதியின் கெட்டியான எலும்பும் ஒன்று கிடைத்தது. உடலில் வேறு எலும்பெல்லாம் மண்ணாகிப் போன பிறகும் அந்தக் காதெலும்பு பெரும்பாலும் நிலைத்திருக்கும். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சாக்கு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்து மண்ணை முழுவதும் கொண்டுவரும்படி கடிதம் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து சல்லடையில் அலசாமல் நான் எந்தப் பொட்டலத்தையும் முடித்ததில்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் தோல் உரிந்த ஒரு கை கிடந்ததாகப் பரபரப்பு எழுந்தது. கடைசியில் கரடியின் பாதம் என்றார்கள். கைக்கும் பாதத்துக்குமா வேறுபாடு தெரியாது? (வாசகர், கூடலூர்)

தெரியாமல் போவது இயல்புதான். உலகெங்கும் மருத்துவர்களையே ஏமாற்றிய ஒற்றுமை இது. தோலை உரிக்கும்போது நகங்களும் அதோடு போய்விடுவதால், எஞ்சும் கரடிப் பாதத்தில் ஐந்து விரல்களும், உள்ளங்கை எலும்புகளும், மணிக்கட்டு எலும்புகளும் மனிதக் கையையும் காலையும் போன்ற அளவில் இருக்கும். ஆனால் விரல்களின் வரிசையைப் பார்த்தால் உண்மை புலப்படும். நம் காலில் பெருவிரல் உட்பக்கம் இருக்கிறது. கரடிக்கு உட்பக்க விரல்தான் எல்லாவற்றிலும் சிறியது, வெளிப்பக்க விரலே பருத்தது. மேலும் அதன் விரல் மூட்டுகளின் உருளையில் கூர்மையான ஒரு வரம்பு நடுவே ஓடும். நம்முடையது வழுவழுப்பான குமிழ்.

கடற்கரையில் இதே குழப்பத்தை ஓங்கில் எனப்படும் டால்பினின் துடுப்பு உண்டாக்கும். அதற்குள் ஐந்து விரல்களின் எலும்புகள் இருப்பதைக் கண்டு மீனவர்களே திடுக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விரலுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட கணுக்கள் இருந்தால் அது மனிதர் அன்று. பாக் நீரிணையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடல்பசுவின் விலா எலும்பு மஜ்ஜைக் குழியே இல்லாமல் கல்லைப்போல் கனக்கும். அதைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

மனிதர் இல்லை என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கரடியும் ஆவுளியாவும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. அந்தக் கையைத் தோலுரித்தவர் யார் என்று வனத்துறை கேட்க வேண்டும்.

கேள்வி: தாடையில் 32 பற்களுக்கு உரிய இடம் இருந்தால் அது மனிதர்தானே? (பள்ளி மாணவர், கரூர்)

இல்லை தம்பி. நம் ஊர்க் கோயில்களில் திரியும் நாட்டுக் குரங்குக்கும் 32 பற்கள்தாம்; வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் எண்ணிக்கையும் நம்முடையதே. கோரைப்பல்லின் நீளமும், கடைவாய்ப்பல்லில் குறுக்காக ஓடும் இரண்டு வரம்புகளும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆடுமாடுகளின் கடைவாய்ப்பல் பிறை வடிவ வரிகளோடு எளிதில் பிரிந்து தெரியும். பன்றியின் கடைவாய்ப்பல்தான் தொல்லை; அதுவும் நம்மைப் போல எல்லாவற்றையும் தின்னும் உயிர் என்பதால் மொட்டையான குமிழ்களோடு இருக்கும், தேய்ந்துவிட்டால் மேலும் குழப்பும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு தேய்ந்த பல்லை வைத்து, 1922இல் அந்நாட்டின் புகழ்பெற்ற தொல்லுயிரியல் அறிஞர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் மனிதக் குரங்கினம் ஒன்றுக்குப் பெயரே சூட்டினார். அதே இடத்தில் மேலும் தோண்டியபோது, அது பன்றியை ஒத்த பெக்காரி என்னும் விலங்கின் பல் என்று தெரிந்து, 1927இல் அந்தக் கருத்துக் கைவிடப்பட்டது. ஒரே ஒரு தேய்ந்த பல்லை நம்பி எழுதும்போது அந்த நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும்.

கேள்வி: சில எலும்புத் துணுக்குகளை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த வழக்கு உண்டா? எதிர்த் தரப்பு அவை விலங்கெலும்பு என்று வாதிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

நீங்கள் கேட்பதற்கு மிகப் பொருத்தமான வழக்கு 1897இல் சிகாகோ நகரில் நடந்தது. அடால்ஃப் லூட்கெர்ட் என்பவர் அங்கே சாசேஜ் என்னும் இறைச்சிப் பண்டத்தைத் தயாரிக்கும் ஆலை நடத்தினார். அவருடைய மனைவி லூயிசா அந்த ஆண்டு மே 1ஆம் நாள் இரவுக்குப் பிறகு காணப்படவில்லை. ஆலையின் அடித்தளத்திலிருந்த பெரிய தொட்டியைக் காவல்துறை வடித்துப் பார்த்தபோது இரண்டு மோதிரங்கள் கிடைத்தன. ஒன்றில் லூயிசாவின் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. மிகச் சிறிய எலும்புத் துணுக்குகளும் கிடைத்தன. வீரியமான பொட்டாசுக் காரக் கரைசலில் உடலைக் கொதிக்க வைத்துக் கரைத்துவிட்டார் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

இறைச்சி ஆலையில் எலும்பு கிடைப்பதில் வியப்பென்ன என்பதே எதிர்த் தரப்பின் வாதம். அது எளிதில் தள்ளக்கூடிய வாதமும் அன்று. அப்போது சிகாகோவின் ஃபீல்டு கொலம்பியன் அருங்காட்சியகத்தில் மானிடவியலாளராக இருந்த இளைஞர் ஜார்ஜ் டார்சி சாட்சிக் கூண்டில் ஏறினார். கை எலும்பின் ஒரு பகுதி, விலாவின் தலை, கால்விரலின் கணு, பாதத்தில் தசைநாணுக்குள் இருக்கும் எள்ளுருவ எலும்பு ஆகியவற்றை அடையாளம் காட்டி, இவை மனிதருடையவை என்றார். அந்த எள்ளுருவ எலும்பு பட்டாணி அளவைத் தாண்டாதது. எதிர்த் தரப்பு கொண்டுவந்த உடற்கூற்றியலாளர்கள் அவை பன்றி முதலிய விலங்குகளுடையவையாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். முதல் விசாரணையில் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1898 பிப்ரவரியில் முடிந்த இரண்டாம் விசாரணையில் லூட்கெர்ட் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார். 1899இல் சிறையிலேயே இறந்தார்.

எலும்பை மட்டும் நம்பி அந்தத் தீர்ப்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மோதிரங்களும், அந்த இரவில் ஆலையில் நடந்தவற்றைக் குறித்த சாட்சியங்களும் சேர்ந்தே எடை கூட்டின. டார்சியின் அறிவின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் காரத்தில் வெந்து அரித்துப்போன ஒரு எள்ளுருவ எலும்பை மட்டும் என்னிடம் கொடுத்து, கண்ணால் பார்த்து மனிதர் என்று கையெழுத்திடச் சொன்னால் நான் இடமாட்டேன். அந்த எலும்பின் வடிவம் மனிதருக்கு மனிதர் மாறுபடும். அதில் பற்றிக்கொள்ளத்தக்க அடையாளங்கள் மிகக் குறைவு. விலாவின் தலையும் விரல் கணுவும் முனை சிதையாமல் இருந்தால் அது வேறு.

நீதிமன்றத்தில் வல்லுநரின் கருத்து, அதற்கான காரணங்களோடு சேர்த்துத்தான் எடைபோடப்பட வேண்டும். நீங்கள் வழக்கறிஞரானதும் குறுக்கு விசாரணையில் கேளுங்கள்: எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள், அந்த அடையாளம் வேறெந்த விலங்கில் உண்டு, எந்தெந்த விலங்கின் எலும்போடு ஒப்பிட்டீர்கள்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாதவர், முடிவு கூற இயலவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். அது இழுக்கான சொற்றொடர் அன்று. நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆற்றங்கரையில் எரிந்த எலும்புச் சில்லுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இவ்வளவு சிறிய துணுக்கில், அதுவும் தீயில் வெந்ததில், எதையாவது கண்டுபிடிக்க இயலுமா? (வாசகர், பவானி)

நீங்கள் காண்பவற்றில் பெரும்பகுதி, காடாற்றிய பிறகு உறவினர்கள் ஆற்றில் கரைத்த அஸ்தியின் எச்சமாக இருக்கும். அவை மனித எலும்புகளே. ஆனால் அங்கே குற்றம் இல்லை. எனவே இனம் தெரிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை, அந்த எலும்பு அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

தீயில் எலும்பு முதலில் பழுப்பாகும், பிறகு கரியாகும், பிறகு சாம்பல் நிறமாகும். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசை எட்டினால் சுண்ணாம்பு போல வெளுத்துச் சுருங்கி வெடிக்கும். தசையோடு எரிந்த எலும்பில் பெரும்பாலும் பிறை போல வளைந்த குறுக்கு வெடிப்புகளும் முறுக்கமும் காணப்படும். வெளுத்துப்போன துணுக்கில் புரதமும் மரபணுவும் அநேகமாக மிஞ்சாது. அந்த நிலையிலும் மிஞ்சுவது நுண்ணமைப்பு.

துணுக்கிலிருந்து ஒரு சீவலை எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், இரத்தக் குழாயைச் சுற்றி வட்டம் வட்டமாக அடுக்கிய ஹாவர்சியன் மண்டலங்கள் தெரியும். வயது வந்த மனிதரில் அவை சிதறலாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து நெருங்கியிருக்கும். மாடு, ஆடு, பன்றி போன்றவை பிறந்து சில மாதங்களிலேயே பெரிய உடலாக வளர வேண்டியவை. அந்த விரைவுக்கு ஏற்ப அவற்றின் எலும்பு செங்கல் சுவர் போல வரிவரியாகக் கட்டப்படும். சில விலங்குகளில் வட்டங்கள் ஒரே வரிசையில் கோத்த மணிகளாக நிற்கும். செங்கல் சுவர் அமைப்பைக் கண்டால் அது விலங்கு என்ற பக்கம் உறுதியாகச் சாயலாம். சிதறிய வட்டங்களைக் கண்டதும் மனிதர் என்று சாய முடியாது. குரங்கு, நாய் போன்றவற்றிலும் அவை உண்டு. இந்தச் சோதனையைப் பற்றிப் பலர் மறந்துவிடும் செய்தி இதுதான்.

மேலும் ஒரு படி பின்னால் சென்று, அந்தத் துணுக்கு எலும்புதானா என்றும் கேட்க வேண்டும். 2008 பிப்ரவரியில் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவில், மூடப்பட்ட ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தோண்டியபோது, குழந்தையின் மண்டையோட்டுத் துண்டு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டு உலகமே அதிர்ந்தது. பின்னர் ஆய்வகத்தில் அது எலும்பே அன்று, மரத்துண்டாகவோ தேங்காய் ஓடாகவோ இருக்கக்கூடும் என்று தெரிந்தது. நம் வீட்டுக் கொட்டாங்குச்சியை மண்ணில் பல ஆண்டு புதைத்துவைத்து எடுத்துப் பாருங்கள், அவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்று விளங்கும். அந்த இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள் கொடுமைக்கு ஆளானது பிற்பாடு விசாரணைகளில் உறுதியானது. ஒரு துண்டைப் பற்றிய அவசர அறிவிப்பு, அந்த உண்மையான துயரத்தையும் சிலர் நம்ப மறுக்க இடங்கொடுத்தது என்பதே எனக்கு இன்னும் வலிக்கிறது.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை வந்துவிட்ட காலத்தில் முனையையும் தண்டையும் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்? எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாமே? (வாசகர், நாகர்கோவில்)

இனம் காணும் ஆய்வக முறைகளுக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1901இல் ஜெர்மானிய மருத்துவர் பால் ஊலென்ஹூத், இரத்தக் கறை மனிதருடையதா விலங்குடையதா என்பதைப் புரதத்தின் வினையால் பிரித்தறியும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்களைக் கொன்ற லுட்விக் டெஸ்னோவின் உடையில் இருந்த கறைகளில் மனித இரத்தமும் ஆட்டு இரத்தமும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். இன்று எலும்பிலுள்ள கொலாஜென் புரதத்தின் துண்டுகளை எடைபோட்டும், உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுவை வாசித்தும் இனத்தைக் கண்டறிகிறார்கள். விலங்கினங்களை இவ்வாறு அடையாளம் காண்பதில் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இந்தியாவுக்கு வழிகாட்டியது. தமிழகத்துக்கும் இதில் ஒரு பழம்பெருமை உண்டு: நாட்டின் முதல் வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது.

ஆயினும் உங்கள் யோசனையில் மூன்று இடர்ப்பாடுகள். எலும்பில் ஒரு பகுதியைப் பொடியாக்கினால்தான் சோதனை செய்ய இயலும், பொடித்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒரு முழுத் தொடை எலும்பை ஐந்து நிமிடத்தில் அடையாளம் காணக்கூடிய இடத்தில் வாரக்கணக்கில் காத்திருப்பது, காணாமற்போனவரின் குடும்பத்துக்கு நாம் செய்யும் தீங்கு. மூன்றாவதுதான் நுட்பமானது. மனித மரபணுவுக்கென்று அமைந்த சோதனையில் விடை எதுவும் வராவிட்டால், அது விலங்கு என்றும் பொருள்படலாம், மரபணு சிதைந்துபோன மனிதர் என்றும் பொருள்படலாம். மாறாக, மண்ணிலிருந்து வந்த ஆட்டெலும்பைப் பத்துப் பேர் வெறுங்கையால் தொட்டுப் பார்த்திருந்தால், அதிலிருந்தே மனித மரபணு கிடைக்கக்கூடும். முதலில் வடிவத்தைப் பார்த்து, அது விடை தராதபோது நுண்ணோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் செல்வதுதான் முறை.

கேள்வி: நிலத்தில் எலும்பு கண்டால் செய்ய வேண்டியது என்ன? படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தெரிந்த மருத்துவருக்கு அனுப்பலாமா? (விவசாயி, ஸ்ரீவைகுண்டம்)

படம் எடுங்கள், ஆனால் எலும்பைக் கையில் தூக்கிப் பிடித்து எடுக்க வேண்டாம். கிடந்த நிலையிலேயே, அருகில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, இரு முனைகளும் தெரியும்படி எடுங்கள். சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்த தொலைவுப் படம் ஒன்றும் வேண்டும். அதைக் குழுக்களில் பரப்ப வேண்டாம். மருத்துவ நண்பர் சொல்வதைக் கேட்டு எலும்பை அப்புறப்படுத்தவும் வேண்டாம். அன்றாடம் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு ஆட்டின் எலும்பியல் கற்பிக்கப்படுவதில்லை. காவல் நிலையத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தகவல் கொடுத்தால் போதும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் நடந்த ஐயத்திற்குரிய மரண விசாரணை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ் நடக்கிறது.

உங்கள் ஊர் ஆதிச்சநல்லூருக்குப் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். எலும்போடு தடித்த பானையோடுகளோ கருப்பு சிவப்புப் பானைத் துண்டுகளோ கண்டால் அது முதுமக்கள் தாழியாக இருக்கலாம். அப்போது தொல்லியல் துறைக்கும் சொல்லியாக வேண்டும். அந்த எலும்பின்மேல் ஏர் ஓட்டாமல், மழை வந்தால் ஒரு தார்ப்பாயைப் போட்டு ஓரங்களில் கல் வைத்துவிட்டு, அலுவலர் வரும்வரை அடுத்த வயலில் வேலையைப் பாருங்கள்.